ஏ.சி.யில் தண்ணீர் ஒழுகினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: யூனிட்டைத் திறக்கும் முன் எம்.சி.பி.யை (ஏ.சி.க்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்குங்கள். ரிமோட்டில் நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

கே: எங்கள் வீட்டு ஏ.சி.யில் தண்ணீர் ஒழுகுகிறது. என்ன காரணம்? உடனே பதில் தேவை.

இதை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஸ்பிளிட்டா, விண்டோவா? போட்டு எவ்வளவு நேரத்தில் ஒழுகுகிறது? காற்று வரும் வாயிலிருந்தா, பின்னால் சுவரோரமாகவா? குளிர்ச்சி குறைந்திருக்கிறதா? கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள்? இதில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. எப்போது ஒழுகுகிறது, எங்கே ஒழுகுகிறது என்ற இரண்டைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: ஸ்பிளிட் ஏ.சி. போட்டுக் கால் மணி நேரத்தில் இடது ஓரத்திலிருந்து சொட்ட ஆரம்பிக்கிறது. குளிர்ச்சியில் குறையில்லை. வெளியே உள்ள பைப்பில் தண்ணீர் வரவே இல்லை.

கவனித்து எழுதியிருக்கிறீர்கள். டிரெய்ன், அதாவது ஏ.சி.யில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பைப், அடைத்திருக்கிறது. புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை இறக்கும். அது வெளியே போகாவிட்டால், உள்ளே தண்ணீரைப் பிடிக்கும் டிரே நிரம்பி உங்கள் அறைக்குள்தான் வழியும்.

காற்றைக் குளிர்விக்கும் காயிலில் படியும் தூசு தண்ணீரோடு டிரேயில் இறங்கி, பாசியோடு சேர்ந்து பைப்பின் வாயில் கெட்டிப்பட்டுவிடும். இதை வெளிமுனையிலிருந்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரையும் இழுக்கக்கூடிய வேக்குவம் கிளீனரின் குழாயை அந்த முனையில் வைத்து, இடைவெளி இல்லாமல் ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு திரள் வந்து விழும். அதன் பின்னாலேயே டிரேயில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் கொட்டும்.

வெளியிலிருந்து காற்றடிக்க வேண்டாம். அழுக்கு மறுபடி டிரேக்கே போய்விடும், சமயத்தில் சுவருக்குள் இருக்கும் ஹோஸ் ஜாயின்ட்டும் கழன்றுவிடும். கம்பி விட்டுக் குத்தவும் வேண்டாம், அந்த ஹோஸ் மெல்லியது. ஆசிட், பிளீச் பக்கமே போகாதீர்கள். காயிலின் அலுமினிய மடிப்புகள் அரித்துப்போகும்.

அடைப்பு எடுத்த பிறகு, எம்.சி.பி. இறக்கிய நிலையிலேயே, முன்மூடியைத் திறந்து காயில்மீது அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலான யூனிட்களில் மின் பாகங்கள் வலது பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் ஊற்ற வேண்டாம். ஒருவர் ஊற்ற இன்னொருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். ஊற்றியது தடங்கலின்றி வெளியே வந்தால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு முழுதாகப் போகவில்லை.

கே: ஏ.சி. ஓடும்போது ஒன்றும் இல்லை. நிறுத்தி அரை மணி நேரம் கழித்துத் தரை நனைந்திருக்கிறது.

காயிலில் பனிக்கட்டி பிடித்து, நிறுத்தியதும் உருகுகிறது. மொத்தமும் சேர்ந்து இறங்குவதால் டிரே தாங்காது. முதலில் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் காரணம் கையிலேயே இருக்கிறது: காற்று போகாமல் காயில் உறைகிறது. கழுவி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். தினமும் ஓடும் ஏ.சி.க்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். ஃபில்டரும் காயிலும், காற்றைத் தள்ளும் ப்ளோயரும் சுத்தமாக இருந்தும் பனி பிடித்தால்தான் குளிரூட்டும் கேஸைப் பற்றிப் பேச வேண்டும்.

கே: நன்றாகக் குளிர்கிறது, ஆனால் தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். போன வருடமும் இதே பிரச்சினைக்கு நிரப்பினோம். வருடா வருடம் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். இந்த வருடமும் நிரப்ப வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கேஸ், ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் காயிலுக்கும் கம்ப்ரசருக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். கசிவில்லாத ஏ.சி.க்கு அதன் ஆயுள் முழுக்கக் கேஸ் நிரப்பத் தேவையில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அது மறுபடி வெளியேறும், அவர் மறுபடி வருவார், நீங்கள் மறுபடி பணம் கொடுப்பீர்கள். உங்கள் வீட்டில் நடப்பது இதுவாகவும் இருக்கலாம். கேஸ் குறையாமலே நிரப்பியதாகவும் இருக்கலாம்.

கேஸ் உண்மையில் குறைந்தால் முதலில் குளிர்ச்சி குறையும். காயிலில் ஒரு பகுதி மட்டும் சில்லென்றோ உறைந்தோ இருக்க, மீதி காய்ந்து கிடக்கும். அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாய் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பனி பிடிக்கும். நன்றாகக் குளிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குளிர்ச்சி குறையாமல், பனியும் பிடிக்காமல் தண்ணீர் மட்டும் ஒழுகினால் டிரெய்னைப் பாருங்கள், டிரேயைப் பாருங்கள், யூனிட் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். கேஸுக்கு அங்கே வேலையில்லை.

நிரப்பியதும் ஒழுகல் நின்றதே என்று பலர் கேட்கிறார்கள். வந்தவர் அன்றைக்கு ஃபில்டரையும் கழுவியிருப்பார், டிரெய்னிலும் தண்ணீர் விட்டிருப்பார். நின்றது அதனால். பேர் மட்டும் கேஸுக்குப் போய்விட்டது.

கேஸ்தான் குறை என்று ஒருவர் சொன்னால், அளந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கசிவு எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் செம்புக் குழாய்களை யூனிட்டோடு இணைக்கும் ஃபிளேர் நட்களில்தான் கசியும். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் வெளியேறுவதால் அந்த நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டிக் கறுத்திருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். தெரியாத இடமென்றால் நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். கசிவை அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, நேம் பிளேட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனையைத் தராசில் வைத்து அளந்து ஏற்ற வேண்டும். கால் மணி நேரத்தில் ஒரு சிலிண்டரைத் திருகி விட்டுப் போவது இந்த வேலை இல்லை. கூடுதலாக ஏற்றிவிட்டால் கம்ப்ரசருக்கே கேடு.

இது பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. ஏ.சி.யில் இருக்கும் கேஸ் வகைகளில், காற்றில் கலக்கும் ஆர்-32 அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 675 மடங்கும், ஆர்-410ஏ 2,000 மடங்குக்கு மேலும் பூமியைச் சூடாக்கும். கசிகிற ஏ.சி.க்குள் வருடா வருடம் அதை ஏற்றி வெளியே விடுவதை ஒரு தொழிலாளி மனதறிந்து செய்யக் கூடாது. ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வகை என்பதால், கசிவோடு விட்டு வைப்பதும் சரியில்லை.

கே: வீடு மாறி, ஏ.சி.யைக் கழற்றி மாட்டினோம். அன்றிலிருந்து ஒழுகல். பைப் முனையை ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறோம்.

முனை வாளித் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். பைப்புக்குள் காற்று அடைபட்டுத் தண்ணீர் இறங்காது. முனை எப்போதும் காற்றில் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒழுகினால் வாட்டம் சரியில்லை. தண்ணீர் தானாகத்தான் இறங்குகிறது, பின்னாலிருந்து தள்ள யாரும் இல்லை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். நான் இரண்டு கேட்பேன். நடுவில் ஹோஸ் தொய்ந்து மறுபடி ஏறக் கூடாது. சுவரில் போட்ட துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இன்டோர் யூனிட்மீது ரசமட்டம் வைத்துப் பாருங்கள்: மட்டமாகவோ, டிரெய்ன் இருக்கும் பக்கம் ஒரு மயிரிழை இறங்கியோ இருக்கலாம். எதிர்ப்பக்கம் இறங்கியிருந்தால் யூனிட்டைச் சுவரில் தாங்கும் தட்டையே கழற்றித் திரும்ப அடிக்க வேண்டும். மாட்டியவரையே கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள், அது அவர் வேலை.

கே: சர்வீஸ் செய்த மறுநாளே ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன் ஒரு சொட்டு கிடையாது.

பல யூனிட்களின் டிரேயில் இடம், வலம் இரண்டு பக்கமும் வாய் உண்டு. ஒன்றில் ஹோஸ் மாட்டி, இன்னொன்றைக் கட்டைவிரல் நுனி அளவு ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். கழுவும்போது கழற்றிய அந்த மூடியை மாட்ட மறந்திருக்கலாம், அல்லது அரைகுறையாகச் செருகியிருக்கலாம். ஹோஸ் இல்லாத பக்கத்தில் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஹோஸ் கழன்றிருக்கிறதா, டிரே கொக்கியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு.

கே: யூனிட்டிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. ஆனால் பைப் போகும் வழியெல்லாம் சுவரில் ஈரம் ஏறிக் காரை உப்புகிறது.

செம்புக் குழாய் வியர்க்கிறது. மேலே சுற்றிய இன்சுலேஷன் கிழிந்திருக்கும், அல்லது இரண்டு குழாயையும் சேர்த்து ஒரே உறைக்குள் போட்டிருப்பார்கள். வீட்டு ஸ்பிளிட்டில் பெரும்பாலும் மெல்லிய குழாயும் சில்லிடும். அதனால் தடித்ததுக்கும் மெல்லியதுக்கும் தனித்தனி உறை வேண்டும். ஜாயின்ட்டுகளில்தான் கஞ்சத்தனம் செய்வார்கள், ஈரமும் அங்கிருந்துதான் தொடங்கும். சுவருக்குள் புதைத்த டிரெய்ன் பைப்பில் ஒட்டு விட்டிருந்தாலும் இதே அடையாளம்தான். வேறுபாடு அறிய, ஏ.சி.யைப் போடாமல் டிரெய்னில் மட்டும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்போதும் ஈரம் ஏறினால் டிரெய்ன் பைப்தான். பெயின்ட் அடித்து மறைத்துப் பயனில்லை.

கே: காற்று வரும் வாயிலிருந்து பொடிப்பொடியாகத் தண்ணீர்த் துளி எங்கள்மேல் தெறிக்கிறது.

ப்ளோயரில் அழுக்கு. அதன் இடுக்குகளில் டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்பாகப் படிந்திருக்கும். ஃபில்டரைக் கழுவினால் மட்டும் போகாது, ப்ளோயரைக் கழுவ வேண்டும். கதவு, ஜன்னல் திறந்து கிடந்தாலும், குழாய்க்காகச் சுவரில் போட்ட துளையை அடைக்காமல் விட்டாலும் ஈரக்காற்று வந்து, காற்றைத் திருப்பும் மடல்களில் துளி கோக்கும்.

கே: விண்டோ ஏ.சி.யின் அடித்தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. துளை போட்டு வடித்துவிடலாமா?

போடாதீர்கள். பல விண்டோ மாடல்களில் அந்தத் தண்ணீரை ஃபேனின் வளையம் அள்ளிச் சூடான பின்காயில்மீது வீசும். குளிரூட்ட அது உதவி. சளப் சளப் என்ற சத்தமும் அதுதான். அறைக்குள் வழியாதபடி பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: அவுட்டோர் யூனிட்டின் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. ஆபத்தா?

இல்லை. வியர்வைதான். வெள்ளையாகப் பனி பிடித்தால் எழுதுங்கள்.

கே: கேசட் ஏ.சி. ஒழுகுகிறது.

கூரையில் பதிக்கும் கேசட் ஏ.சி.யில் தண்ணீரை மேலே தூக்க ஒரு பம்ப் உண்டு. பம்ப் நின்றிருக்கலாம், அல்லது அதன் வாயில் அழுக்கு அடைத்திருக்கலாம். நீர் மட்டம் ஏறினால் யூனிட்டை நிறுத்த வேண்டிய மிதவை சுவிட்ச் ஏன் நிறுத்தவில்லை என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை போட வேண்டாம்.

கே: ஏ.சி. தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானே? குடிக்கலாமா? பேட்டரிக்கு ஊற்றலாமா?

இரண்டும் கூடாது. காயிலின் தூசும் கிருமியும் உலோகத் துகளும் அதில் இருக்கும். தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம்.