கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு மூன்று வருஷம்தான் கெடு

கேள்வி: ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், ஓசூரில் கம்பெனி வேலை. காதலித்தவருக்கு ஜி-பேயில் கொஞ்சம் கொஞ்சமாக 1,85,000 ரூபாய் கைமாற்றாக அனுப்பினேன். என் நாலு பவுன் செயினையும் வாங்கித் தன் பெயரில் அடகு வைத்திருக்கிறார். இப்போது பிரிந்துவிட்டோம். கேட்டால் ‘தர்றேன்’ என்று மெசேஜ் மட்டும் வருகிறது. முதல் தொகை கொடுத்து இரண்டே முக்கால் வருஷம் ஆகிறது. ஸ்டேஷனில் செல்வாக்குள்ள ஒருவர், 20 சதவீதம் கமிஷனுக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி ஆட்கள் பையனை மிரட்டி வெற்றுச் செக்கிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் காகிதம் உங்கள் கைக்கு வராது. அதை வைத்து இரண்டு பக்கமும் கறப்பார்கள். பையன் வீட்டார் மிரட்டல் புகார் கொடுத்தால், ஏவிவிட்டது நீங்கள் என்றுதான் எழுதுவார்கள்.

கடனை வசூலித்துத் தரும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். திருப்பித் தராதது மட்டும் மோசடி ஆகாது. இதை முதல் நாளே சொல்லி அனுப்பலாம். சொல்ல மாட்டார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து ‘திங்கட்கிழமை வாங்க’ என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். புகார் கிடப்பில் இருக்கிறது என்பதற்காக சிவில் கெடு நிற்காது.

அந்தக் கெடுதான் உங்களுக்கு இப்போது அவசரம். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கைமாற்றுக் கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம். பல தடவையாக அனுப்பியிருந்தால் ஒவ்வொரு தொகைக்கும் கணக்கு தனித்தனி. உங்கள் முதல் தொகைக்கு மிச்சம் மூன்றே மாதம். செயினுக்குக் கணக்கு வேறு, அதற்கு இந்த அவசரம் இல்லை.

கெடுவைப் புதுப்பிக்க வழி இருக்கிறது. மூன்று வருஷம் முடிவதற்குள், ‘இவ்வளவு ரூபாய் பாக்கி உள்ளது’ என்று அவர் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம். முடிவதற்குள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நாள் தாண்டிவிட்டாலும் ‘பாக்கி உள்ளது’ என்ற ஒப்புதல் செல்லாது. அப்போது ‘இந்தத் தொகையைத் தருகிறேன்’ என்று புதிதாக வாக்குறுதியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ‘பாக்கி உள்ளது’ வேறு, ‘தருகிறேன்’ வேறு. வாயால் சொன்னது இரண்டுக்கும் உதவாது. வாட்ஸ்அப் மெசேஜ் நல்ல சாட்சிதான். ஆனால் கெடுவைப் புதுப்பிக்க அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

அவர் கையெழுத்துப் போடவில்லை என்றால், முதல் தொகைக்குக் கெடு முடியும் முன் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். ஜி-பே ஸ்கிரீன்ஷாட் போதாது. வங்கிக் கிளையில் அந்தக் காலத்து ஸ்டேட்மென்ட்டை மேலாளர் சான்றோடும் சீலோடும் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மெசேஜைக் கோர்ட்டில் காட்ட, 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும். ‘அன்பளிப்பாகக் கொடுத்தாள்’ என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதம். ஆகவே ‘கடன்’, ‘திருப்பித் தர்றேன்’ என்று வரும் மெசேஜ்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இனி செயின் விஷயம். அடகை மீட்காவிட்டால் வரும் ஏல நோட்டீஸ் அடகு வைத்தவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. எனவே செயின் உங்களுடையது என்று, நகைக்கடை பில் நகலோடு அடகு வைத்த கிளைக்கும் அவருக்கும் இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ல் கூப்பிடுங்கள். வழக்குப் போட்டபின் லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கே எழுதும் தீர்வை எதிர்த்து அப்பீலும் கிடையாது. கேஸ் போட்டபிறகு அவரே சமாதானத்துக்கு வரலாம். பணம் கணக்கில் ஏறி, செயின் கைக்கு வரும்வரை ‘எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.