மேய்க்கால் நிலத்துக்கு ஒருவர் வேலி போட்டால் செல்லுமா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் உங்கள் ஊர் மந்தைவெளியைத் தனியார் ஒருவர் முள்கம்பி போட்டு வளைத்துவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டை, அதாவது எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பாருங்கள், அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். அதில் மேய்க்கால் புறம்போக்கு (கால்நடை மேய்ச்சலுக்கான அரசு நிலம்) என்று இருந்தால் அந்த வேலி செல்லாது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். ரொம்ப வருடமாக அனுபவிக்கிறேன், செலவு செய்திருக்கிறேன் என்பதெல்லாம் நியாயமாகாது என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

வேலூர் அருகே உள்ள அமிர்தி உயிரியல் பூங்காவிலும் மான்களுக்கு வேலி உண்டு. ஆனால் உள்ளே தீனியும் தண்ணீரும் வந்துவிடும். எங்கள் ஊரிலும் இப்படித்தான் மேய்க்காலை வளைத்தார்கள்; கல்லுக்கால் நட்ட மறுவாரம், கம்பிக்கு நடுவே தலையை நுழைத்துப் புல்லை எட்டிய வெள்ளாட்டுக்குக் காது கிழிந்து ரத்தம் சொட்டியது. அதை வளர்த்த பாட்டி இன்று தழைக்காக ஏரிக்கரை வரை நடக்கிறார். நினைத்தாலே மனசு கொதிக்கிறது.

சரி, ஆத்திரத்தில் கம்பியை நீங்களே பிடுங்காதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஆடு மாடு வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு தாசில்தாரிடமோ, ஆண்டுதோறும் வருவாய்த் துறை நடத்தும் ஜமாபந்தியிலோ மனு கொடுங்கள். ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.