எம்எச்17 விசாரணையை நெதர்லாந்து நடத்தியது ஏன்?

2014-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 பயணிகள் விமானம் மலேசியாவுடையது, விழுந்தது உக்ரைனில். பிறகு விசாரணை அறிக்கையை நெதர்லாந்து வெளியிட்டது எப்படி என்று உங்கள் கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பின்படி விபத்து நிகழ்ந்த நாடே விசாரிக்க வேண்டும். ஆனால் அப்பொறுப்பை முழுதாகவோ பகுதியாகவோ வேறொரு நாட்டிடம் ஒப்படைக்க அதே விதி இடம் தருகிறது. இறந்த 298 பேரில் 196 பேர் நெதர்லாந்தினர். 2014 ஜூலையில் உக்ரைன் அவ்வாறே நெதர்லாந்திடம் ஒப்படைத்தது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். 2015 அக்டோபரில் வெளிவந்த அந்த அறிக்கை, சிதைவுகளில் கிடைத்த உடுக்கை வடிவ எஃகுத் துண்டு உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு, விமானி அறையின் இடப்புறம் தரையிலிருந்து வானில் உள்ள இலக்கைத் தாக்கும் பக் ஏவுகணையின் வெடிமுனை வெடித்ததை நிறுவுகிறதே தவிர, ஏவியவர் யார் என்று சொல்லவில்லை. இணைப்பு 13-இன்படி நடக்கும் விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான். குற்றத்தைத் தனியொரு கூட்டுப் புலனாய்வுக் குழு விசாரித்தது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.