பாகற்பிஞ்சு ஏன் மஞ்சளாகி விழுகிறது? வாசகர் கேள்விகள்

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் 9ஆவது மாடி வீடு. தாழ்வாரத்துக் கம்பியில் பாகலும் பீர்க்கையும் ஏற்றியிருக்கிறேன். பூ கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஆனால் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. உரம் போதவில்லையா, தேனீ வராததாலா?

பதில்: உரத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள், அதைக் கூட்டினால் இலைதான் தழைக்கும். நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது இன்னும் பிஞ்சே ஆகவில்லை. பெண்பூவின் அடியில் இருக்கும் சூல்பை அது. பூ விரியும் முன்பே குட்டிப் பாகற்காய் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும், மகரந்தம் வந்து சேர்ந்தால் காயாகும், சேராவிட்டால் சில நாளில் மஞ்சளாகி உதிரும். கொடி முதலில் வெறும் ஆண்பூவாகத்தான் தள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் அதற்கே பயந்துபோகிறார்கள்.

சரி, தேனீ. 9ஆவது மாடிக்கு வருமா என்றால், என் 11ஆவது மாடிக்கே வருகிறது. அதற்கு நான் செய்தது ஒன்றுதான்: துளசிக் கதிரைக் கிள்ளுவதை நிறுத்தினேன். செடி முற்றிவிடும் என்று நம் வீடுகளில் கதிர் கண்டதும் கிள்ளிவிடுவோம் இல்லையா, பாதியை விட்டுப் பாருங்கள். வெயில் ஏறினதும் கொசு அளவே இருக்கும் கொசுத்தேனீ வந்து கதிர் கதிராக மேயும், அது கொட்டாது. கூடவே ஒரு தொட்டி காஸ்மோஸ், பூக்க விட்ட கொத்தமல்லி, போதும். எதை வைத்தாலும் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தேனீ குடிக்கத் தட்டில் தண்ணீர் வையுங்கள் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். இங்கே வேண்டவே வேண்டாம், ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் உங்களுக்கு.

ஆனால் பீர்க்கைக்கு இதெல்லாம் அவ்வளவாக உதவாது. பாகலும் பூசணியும் காலையில் விரியும். பீர்க்கையும் சுரையும் சாயங்காலம்தான், தேனீ அநேகமாகக் கூடு திரும்பும் நேரத்தில். புடலை இன்னும் மோசம், இருட்டின பிறகு விரித்துக்கொண்டு அந்துப்பூச்சிக்குக் காத்திருக்கும். அதனால் மாடிவீட்டுக்காரருக்குக் கைதான் தேனீ. பாகலுக்குக் காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள், பீர்க்கைக்குச் சாயங்காலம் 6 மணிவாக்கில், அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழைப் பின்னால் மடக்கிக்கொள்ளுங்கள். நடுவில் மஞ்சள் பொடி விரலில் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, பெண்பூவின் நடுவே இருக்கும் சூல்முடியில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். பாகலில் அது பச்சையாக இருக்கும். மழை பெய்து பொடி நனைந்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் சில நாளில் காம்பு தடித்து, காய் தலை தொங்கும்.

வேப்பெண்ணெய் அடிப்பதாக இருந்தால் பொழுது சாய்ந்ததும் அடியுங்கள், அதுவும் பீர்க்கைப் பூவில் படாமல்.

கேள்வி: கத்தரி நிறையப் பூக்கிறது, காய்க்கவில்லை. பாகலுக்குச் செய்வதுபோல் ஆண்பூவைத் தேட வேண்டுமா?

பதில்: கிடைக்காது, கத்தரியில் இரண்டும் ஒரே பூவில்தான். அதன் மகரந்தம் உப்பு டப்பாவில் இருப்பதுபோல் குழாய்க்குள் கிடக்கும், நுனியில் சின்ன ஓட்டை, குலுக்கினால்தான் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருப்பாகத் தடியாக வரும் தச்சன் வண்டும், வயிற்றில் நீல வரி போட்ட தேனீயும்தான் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். அப்போது ரீங்காரமே மாறும், காது கொடுத்துக் கேளுங்கள். அவை வராவிட்டால் காலையில் பூக்காம்பின் பின்னால் விரலால் சுண்டுங்கள். பழைய மின் பல்துலக்கி இருந்தால் அதை ஓடவிட்டுக் காம்பில் வையுங்கள், தக்காளிக்கும் இதே வேலைதான். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: துளசிக்குத் தேனீ வருகிறது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி பயப்படுகிறார். எடுத்துவிடட்டுமா?

பதில்: பூ மேய வரும் தேனீ வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடும். தொட்டியை அவர் கதவுப் பக்கமிருந்து உங்கள் ஜன்னல் பக்கம் தள்ளி வையுங்கள், முதல் பாகற்காயை அவருக்கே கொடுங்கள். கூடு கட்டினால் மட்டும் நீங்களாகக் கை வைக்காமல் நகர மன்றத்தைக் கூப்பிடுங்கள்.