கிரீன்விச் கோட்டில் நின்றாலும் கைபேசி ஏன் பூஜ்யம் காட்டுவதில்லை?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூன் மாதம் லண்டனில் மகள் வீட்டில் தங்கப் போகிறேன். கிரீன்விச் கோட்டின் மீது நின்றாலும் கைபேசியில் தீர்க்கரேகை பூஜ்யமாக வராது என்கிறார்கள். கோடு தவறா? போய்ப் பார்ப்பது வீண்தானா?"

கோடு தவறன்று; அவசியம் போய்ப் பாருங்கள். ராயல் வானாய்வகத்தின் முற்றத்தில் பதித்திருக்கும் அந்தக் கோடு, வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1850-இல் அங்கே நிறுவிய தொலைநோக்கியைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. 1884-இல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளின் மாநாடு அதையே முதன்மைத் தீர்க்கரேகையாக ஏற்றது. ஏரி தம் கருவிக்குச் செங்குத்துத் திசையைப் பாதரசப் பரப்பைக் கொண்டு கண்டார். ஆனால் அவ்விடத்தில் ஈர்ப்புவிசையின் திசை மிகச் சிறிதளவு சாய்ந்திருப்பதால், அந்தச் செங்குத்து பூமியின் மையத்தைச் சரியாக நோக்குவதில்லை. செயற்கைக்கோள்கள் பூமியின் நிறைமையத்தை அடிப்படையாகக் கொண்டு அளப்பதால், அவற்றின் பூஜ்யக் கோடு சுமார் 102 மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் விழுகிறது. கோட்டின் மீது நிற்கும்போது கைபேசியில் ஏறத்தாழ 0.0015 பாகை மேற்கு என்று வரும். அங்கிருந்து கிழக்கே நடந்து பூஜ்யத்தையும் கண்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் பயன் என்பது என் உறுதியான கருத்து.

வாயிலில் உள்ள 24 மணி முகப்புக் கடிகாரத்தையும் தவறவிடாதீர்கள். அது கோடையிலும் கிரீன்விச் நேரத்தையே காட்டும் என்பதால், ஜூன் மாதத்தில் உங்கள் கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி பின்தங்கியிருக்கும். நம் ஊர் நேரம் லண்டனின் கோடை நேரத்தைவிட நாலரை மணி முன்னே. அந்தக் கடிகாரத்தைவிட ஐந்தரை மணி முன்னே. வேலூர் ஏறத்தாழ 79 பாகை கிழக்கில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 5 மணி 16 நிமிட வேறுபாடுதான் வரவேண்டும். நாடு முழுமைக்கும் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகைக் கோட்டைப் பொதுவாகக் கொண்டதால் மீதி நிமிடங்கள் கூடின.

வானாய்வகம் குன்றின் மேல் இருப்பதால் மெதுவாக ஏறுங்கள். முற்றத்திற்குள் செல்லக் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 1833 முதல் இயங்கிவரும் கூரைமேல் உள்ள சிவப்பு நேரப்பந்து பகல் 12.55-க்குப் பாதி உயரம் ஏறி, 12.58-க்கு உச்சியை அடைந்து, சரியாக 1 மணிக்கு விழும். ஆகவே பன்னிரண்டரை மணிக்குள் மேலே சென்றுவிடுவது நல்லது.