திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறு ஏன் கிறிஸ்து அரசர் பெருவிழா?

கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அடுத்த ஞாயிறே திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் கொண்ட தயாரிப்புக் காலம், தொடங்கிவிடும். 1925-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் ஏற்படுத்தியபோது இந்த விழா அக்டோபர் கடைசி ஞாயிறில் இருந்தது. 1969 சீர்திருத்தத்தில்தான் இங்கே வந்தது. நல்ல மாற்றம் என்பேன். வருபவர் எப்படிப்பட்ட அரசர் என்று தெரியாமல் எதற்குத் தயாராவது?

அமைச்சர் ஊருக்கு வந்தால் அவர் கார் போகும் சாலைக்கு மட்டும் இரவோடு இரவாகத் தார் போடுவார்கள். இந்த அரசரிடம் அது செல்லாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்த விழாவில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் அவர் கணக்குக் கேட்பதே வேறு: பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் கிடந்தவனைப் பார்க்கப் போனாயா? லூக்கா நற்செய்தி வாசிக்கும் ஆண்டிலோ அவருக்குச் சிம்மாசனமே சிலுவைதான். அவரை அரசராக ஏற்பவன் பக்கத்தில் தொங்கிய குற்றவாளி. இதை யோசித்துவிட்டு, அப்புறம் குடிலும் ஸ்டாரும் தாராளமாகக் கட்டலாம்.

பலர் நினைப்பதுபோல திருவருகைக் காலம் பெத்லகேம் பிறப்புக்கு மட்டுமான காத்திருப்பு அல்ல. டிசம்பர் 16 வரை அழுத்தம் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையில், அதாவது உலக முடிவில் அவர் மீண்டும் வருவதில்; 17 முதல்தான் வழிபாடு நேரடியாகப் பிறப்பின் பக்கம் திரும்புகிறது.