'வேவ்' பண்ணுவதா, 'ஷேக் ஹேண்ட்' கொடுப்பதா? ஆங்கிலக் கேள்வி பதில்

கேள்வி (காட்பாடி): ரயில் கிளம்பும்போது மகள் எனக்குக் கையசைத்தாள். 'வேவ்டு டு மீ'யா, 'வேவ்டு அட் மீ'யா?

பதில்: இரண்டும் சரிதான், பரீட்சையில் எதை எழுதினாலும் மார்க் போகாது. காதுக்குத்தான் சின்ன வித்தியாசம். 'டு' என்றால் எதிரே இருப்பவருக்குச் சொல்லும் வணக்கம் மாதிரி. 'அட்' என்றால் கை யார் பக்கம் ஆடியது என்பதுதான் பெரிது. அவர் கவனித்தாரோ இல்லையோ. காட்பாடி பிளாட்பாரத்தில் ஏதோ ஒரு குழந்தை, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸைப் பார்த்துக் கையாட்டினால் நான் 'அட்' போடுவேன். உங்கள் மகளுக்கு 'டு'. வெறுமனே 'வேவ்டு மீ' என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 'வேவ்டு மீ குட்பை' என்றால் பரவாயில்லை, 'குட்பை' வந்துவிட்டால் நடுவில் 'டு' தேவைப்படாது.

கேள்வி (சத்துவாச்சாரி): 'வேவ் ஆஃப்' என்றால் வழியனுப்புவதா, விரட்டுவதா?

பதில்: ரெண்டும்தான்! 'வேவ்டு ஹிம் ஆஃப் அட் த ஸ்டேஷன்' என்றால் கையசைத்து வழியனுப்பியது, பிரிட்டிஷ்காரர்கள் வழக்கம். 'வேவ்டு ஆஃப் மை கொஸ்டின்' என்றால் கேள்வியைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிட்டது.

கேள்வி (வேலூர்): கிரீன் சர்க்கிளில் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்துவதற்கு?

பதில்: 'வேவ் டவுன்', அல்லது 'ஃபிளாக் டவுன்'. போலீஸ்காரர் 'போ போ' என்று விட்டால் 'வேவ் த்ரூ'.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனி): வெளிநாட்டு பையரைச் சந்தித்ததைப் பற்றி மெயிலில் 'ஐ கேவ் ஷேக் ஹேண்ட் டு ஹிம்' என்று எழுதினேன். மேனேஜர் சிரித்தார்.

பதில்: தமிழில் 'ஷேக் ஹேண்ட் கொடுத்தேன்' என்று தாராளமாகச் சொல்லுங்கள், மெயிலில் வேண்டாம். 'ஐ ஷுக் ஹேண்ட்ஸ் வித் ஹிம்'. ரெண்டு பேர் கை சேருவதால் 'ஹேண்ட்ஸ்' என்று பன்மை. 'ஐ ஷுக் ஹிஸ் ஹேண்ட்' என்றால் அவர் கை ஒன்றுதான், ஒருமை. 'ஷேக்டு' என்று ஒரு சொல்லே கிடையாது. இன்னொன்று: அவரைக் கூப்பிட நாம் உள்ளங்கையைக் கீழே வைத்து ஆட்டுவோமே, அதைச் சில வெள்ளைக்காரர்கள் 'போ' என்று எடுத்துக்கொள்வார்கள். உள்ளங்கையை மேலே திருப்பிக் கூப்பிடுங்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'வேவ் ஓவர்'.

கேள்வி (குடியாத்தம்): 'டாட்டா' ஆங்கிலமா? கார் கம்பெனியா?

பதில்: ஆங்கிலம்தான். பிரிட்டனில் குழந்தைகளிடமும் நெருங்கியவர்களிடமும் விடைபெறும்போது சொல்லும் சொல். கம்பெனிக்கு அது குடும்பப் பெயர், சம்பந்தமில்லை. அவர்கள் டாட்டாவை வாயால் சொல்வார்கள், கையால் 'காட்டுவது' நாம்தான். பாப்பா டாட்டா காட்டினால் ஆங்கிலத்தில் 'ஷீ வேவ்டு பை-பை'.